சூரிய சக்தியும் சமுத்திர மேடையும்

நங்கநல்லூரில் மொட்டை மாடியில் 1 கிலோவாட் சூரியத் தகடு பொருத்தியவர்கள், நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் மின்சாரம் கிடைப்பதை அறிவார்கள். அவ்வூருக்கு அருகே பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமோ, அத்தகைய தகடுகளையே நடுச்சமுத்திரத்தில் மிதக்கவிட்டு, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் செயற்கைக்கோள் வழியே கரைக்கு அறிவிக்கும் மிதவைகளைப் பல்லாண்டுகளாகப் பராமரித்து வருகிறது.

மனிதர் வசிக்கத்தக்க சிறிய மேடையொன்றை இம்முறையில் நிர்மாணிக்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மேடை அலையோடு திசை மாறிக்கொண்டே இருக்குமாதலால், மாடியில் செய்வதுபோல் தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்ப்பதில் பிரயோஜனமில்லை. படுக்கையாகவே கிடத்தி, அதன்மேல் வெண்மையாகப் படியும் உப்பை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். மேடை நகரும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் வேண்டிய சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகச் சுருங்குவதால், அவசரமின்மையே இங்கு பெருஞ்சிக்கனம். கேரளத்தில் வைக்கம் காயலில் 2017 முதல் 75 பேரை ஏற்றிச் செல்லும் 'ஆதித்யா' என்னும் சூரிய சக்திப் படகு, நீரின் எதிர்ப்பைக் குறைக்கும் பொருட்டே இரட்டை உடலுடன் கட்டப்பட்டது. ஆனால் காயல் வேறு, கடல் வேறு என்பதை மறக்கலாகாது.

மீனவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடலில் மேற்சொன்ன கழகத்தின் மிதவைகளைக் கண்டால், அவற்றில் படகைக் கட்டாமல் விலகிச் செல்லுங்கள், புயல் எச்சரிக்கைக்கு அவற்றின் தகவல் உதவுகிறது.