புகையில்லாப் புகையிலை



புகைத்தலின் தீங்கைப் பற்றி நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். மகனின் சட்டையில் சிகரட் வாடை வீசினால் வாப்பா கண்டிக்கிறார். உம்மா கண் கலங்குகிறார். ஆனால் அதே மகன் கன்னத்தினுள் ஒரு சிறு உருண்டையை ஒதுக்கிக்கொண்டு வீட்டினுள் நுழைந்தால் எவரும் எதுவும் கேட்பதில்லை. புகை இல்லை, வாசனையும் இனிப்பாக இருக்கிறது, ஆகவே தீங்கும் இல்லை என எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் எத்துணை பிழையானது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில், பனிமூட்டம் சூழ்ந்த மலை முகட்டில் அமைந்த ஊர் அப்புத்தளை. காலைக் குளிரில் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மாருக்கு வெற்றிலையும் பாக்கும் ஒரு துண்டுப் புகையிலையும் உடலுக்குச் சூடு தருவனவாக, பகலுணவு வரை பசியைத் தள்ளிவைப்பனவாக இருந்து வந்துள்ளன. லயத்து வாழ்க்கையின் கஷ்டத்தை அறிந்த எவரும் அவர்களை எளிதில் குறைகூற மாட்டார்கள். நகரத்தில் கடை வைத்திருக்கும் நாமோ அந்தப் புகையிலையை அவர்களுக்கு விற்றவர்கள். மதுவை விற்கமாட்டோம் என்பதில் உறுதியாக இருக்கும் நமது கடைகள் சிலவற்றின் முன்புறத்தில் சரம்சரமாகத் தொங்கிய பொட்டலங்கள் எவை என்பதை, மனச்சாட்சியுடன் நாமே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நமது வீடுகளும் இதற்கு விலக்கல்ல. எனது உம்மும்மாவின் அருகில் வெற்றிலை வட்டாவும் சிறிய உரலும் படிக்கமும் எப்பொழுதும் இருந்தன. பாக்கை இடித்துக் கொடுப்பது பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்குக் கிடைத்த கௌரவம்! இடித்ததில் ஒரு கிள்ளு எங்கள் வாய்க்கும் போகும். கலியாண வீட்டில் வெற்றிலை வைத்து வரவேற்பது மரியாதை என்று வளர்ந்த நமக்கு, அதில் நோய் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

இன்றைய இளைஞரின் கையில் வட்டா இல்லை. பாபுல், மாவா என்னும் பெயர்களில், இனிப்பும் வாசனையும் ஊட்டப்பட்ட பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த சிறு பொட்டலம் இருக்கிறது. பஸ் நிலையத்திலும் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்திலும் நண்பன் நீட்டுவான். வேண்டாம் என்று சொல்ல வெட்கம். சட்டம் இதனைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடைசெய்தது. 2016 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி அறிவித்தல் புகையற்ற புகையிலைப் பொருள்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றையே தடைசெய்தது. அப்படியிருந்தும் மேசைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவது நாம் அறியாததல்ல.

இது உடலில் என்ன செய்கிறது? கன்னத்தில் ஒதுக்கிய கலவையிலுள்ள சுண்ணாம்பு வாயின் தன்மையைக் காரமாக மாற்றுகிறது. அப்போது புகையிலையின் நிக்கொட்டின் வாயின் மெல்லிய தோலூடாக விரைந்து இரத்தத்தில் கலக்கிறது. நெருப்பு மூட்டாமலே சிகரட் தரும் அதே அடிமைத்தனம் உண்டாகிறது. அத்துடன் நைட்ரோசமைன் முதலிய நச்சுகள் ஒரே இடத்தில் மணிக்கணக்காக ஊறுகின்றன. புகையற்ற புகையிலையில் புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனங்கள் குறைந்தது 28 இனங்காணப்பட்டுள்ளன.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தானே" என்று ஆறுதல் கொள்வோர் பலர். சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில், பாக்கு தனித்து நின்றாலும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று தீர்மானித்துள்ளது. பாக்கிலுள்ள அரெக்கோலின் என்னும் பொருள் கன்னத்தின் உட்புறத்தில் நார்த்தசையை மிகையாக வளரச் செய்கிறது. முதலில் கொச்சிக்காய்ச் சம்பல் எரிகிறது. பின்னர் கன்னம் வெளிறி விறைக்கிறது. வாய் சிறிது சிறிதாகத் திறக்க மறுக்கிறது. இறுகிய நார் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சிலருக்கு அதுவே புற்றாக மாறுகிறது. 1952இல் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் கண்டு மருத்துவ உலகில் எழுதப்பட்ட இந்நோய் இன்று பொட்டலப் பாக்கை மெல்லும் இளைஞர்களிடம் காணப்படுகிறது. கர்ப்பிணித் தாய் மென்றால் குழந்தை நிறை குறைந்து பிறக்கும் ஆபத்தும் உண்டு.

இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது உதடு, வாய், தொண்டை சார்ந்த புற்றுநோய். இதில் வேதனை என்னவென்றால், மறைந்திருக்கும் ஈரலையோ நுரையீரலையோ போலன்றி வாய் கண்ணாடியில் பார்க்கக்கூடிய உறுப்பு. நோய் பெரும்பாலும் வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ முன்னரே தலைகாட்டுகிறது. ஆனால் அது வலிப்பதில்லை; வலிக்காததை நாம் நோய் என்று ஏற்பதில்லை. பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் உடனாய்வாளர்களும் நமது நாட்டில் செய்து, 1984இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏட்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. குறுகிய பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதார ஊழியர்கள் 28,000க்கும் அதிகமானோரின் வாயைப் பரிசோதித்தனர். 1,220 பேரை மேலதிகப் பரிசோதனைக்கு வருமாறு கூறினர். வந்தவர்களோ ஏறத்தாழப் பாதிப்பேர்தாம். கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. சென்று காட்டுவதே கடினமாக இருந்தது.

புகையிலை அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் மூலம் பரவிய இலை. முற்கால இமாம்களின் நூல்களில் அதன் பெயர் இல்லாததை அனுமதியாகக் கொள்வோரும் உளர். அறியாத இலைக்கு அவர்கள் எப்படித் தீர்ப்பு எழுதியிருப்பார்கள்? உடல் அல்லாஹ் தந்த அமானிதம் என்பதையோ, வாய்ச் சுத்தத்துக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த முக்கியத்துவத்தையோ எவரும் மறுப்பதில்லை.

இளைஞர்களே, ரமழானில் ஸஹர் முதல் மஃரிப் வரை ஒரு துணுக்குப் பாக்கும் இன்றி உங்களால் இருக்க முடிகிறது. நோன்பு திறந்து பேரீச்சம்பழத்தை விழுங்கியதும் கை பொட்டலத்தைத் தேடுகிறது! அந்த இரவையும் கடந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியது போல. முதற் சில நாள்களில் எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் வரலாம். சில வாரங்களில் அவை தணியும். கிராம்பு, ஏலம், பெருஞ்சீரகம் என்று வாய்க்கு வேறெதையாவது கொடுங்கள். பாக்கு மட்டும் வேண்டாம்.

வுழூச் செய்கையில் நாளுக்கு ஐந்து முறை வாய் கொப்பளிக்கிறோம். வாரத்தில் ஒரு முறையேனும் கொப்பளித்தபின் கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் இருபுறத்தையும் நாக்கின் ஓரங்களையும் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் மூன்று விரல்களை நிமிர்த்திப் பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள்; அவை நுழையாவிட்டால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கட்டணம் இல்லை. வைத்தியர் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் சிறு துண்டுச் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். ஒரு நாட் சம்பளம் போகும் என்றும், என்ன சொல்வார்களோ என்றும் அஞ்சியே பெரியவர்கள் தள்ளிப்போடுகிறார்கள். ஆகவே வாப்பாவையோ உம்மும்மாவையோ போய் வரும்படி சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். மகனோ மகளோ பேரனோ ஒருவர் கூடவே பஸ்ஸில் ஏறுங்கள்.