அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டமும் ஒளிபரப்பு உரிமைப் போட்டியும்

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4 ஆம் திகதி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருந்த பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு ஒன்று ஒரே நாளில் ஐந்து உறுப்பினர்களை இழந்தது. ஒரேகன், வொஷிங்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களும் 'பிக் டென்' என்னும் கூட்டமைப்புக்குச் செல்வதாக அறிவித்தன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய மூன்றும் 'பிக் 12' கூட்டமைப்பில் இணைவதாகக் கூறின. 1915 இல் உருவாகிப் பிற்காலத்தில் 'பக்-12' என்னும் பெயரைப் பெற்ற அந்த அமைப்பிலிருந்து அடுத்த மாதம் ஸ்டான்போர்ட்டும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகமும் விடைபெற்றன. பன்னிரு உறுப்பினர்களில் எஞ்சியவர்கள் ஒரேகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட் ஆகிய இருவர் மட்டுமே.

இங்கே உதைபந்தாட்டம் என்று நாம் குறிப்பிடுவது, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க ஆட்டத்தையே. அந்நாட்டில் அது பல்கலைக்கழகங்களின் பெயரால் இலட்சக்கணக்கானோரைத் திரட்டுகின்றது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மாத்திரம் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அமர முடியும். மாணவர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கிய இவ்விளையாட்டு, இன்று பில்லியன் கணக்கான டொலர்கள் புரளும் வர்த்தகமாகவும் நீதிமன்றங்கள் ஓயாது விசாரிக்கும் விவகாரமாகவும் மாறியிருக்கின்றது. மேற்குக் கரையில் நிகழ்ந்த சிதைவைப் பேராசை என்ற ஒற்றைச் சொல்லால் பலர் விளக்க முற்படுகின்றனர். ஆயினும், அதன் வேர் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இருக்கின்றது என்பதே எமது கருத்தாகும்.

அமெரிக்கர்கள் 'கொன்பரன்ஸ்' என்று அழைக்கும் இக்கூட்டமைப்புகள் ஆரம்பத்தில் அயலவர்களின் ஏற்பாடுகளாகவே இருந்தன. அருகருகே உள்ள பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் தமக்குள் மோதிக் கொள்வதும், வீரர்களின் தகுதி பற்றிப் பொது விதிகளை வகுத்துக் கொள்வதுமே அவற்றின் நோக்கம். 1896 இல் உருவான பிக் டென் இவ்வகையில் மூத்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாடு தழுவிய நிலையில் என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியப் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கம் இயங்கி வந்தது.

தொலைக்காட்சி பரவத் தொடங்கியபோது, மக்கள் வீட்டிலிருந்தே ஆட்டங்களைப் பார்த்தால் மைதானங்கள் வெறிச்சோடும் என்ற அச்சம் எழுந்தது. எனவே 1950 களின் தொடக்கத்திலிருந்து ஒளிபரப்பைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டு வந்த என்.சி.ஏ.ஏ., எத்தனை ஆட்டங்கள் ஒளிபரப்பாகலாம், ஒரு பல்கலைக்கழகம் எத்தனை தடவை திரையில் தோன்றலாம் என்பதைத் தானே நிர்ணயித்தது. பெயர்பெற்ற அணிகளுக்கு இது பெரும் இழப்பு. சிறிய அணிகளுக்கோ இதுவே பாதுகாப்பு.

ஒக்லஹோமா, ஜோர்ஜியா ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் இக்கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1890 ஆம் ஆண்டின் ஷேர்மன் சட்டம், வணிகப் போட்டியை நெரிக்கும் கூட்டு உடன்படிக்கைகளைத் தடை செய்கின்றது. என்.சி.ஏ.ஏ.யின் ஒளிபரப்புத் திட்டம் அச்சட்டத்தை மீறுகின்றது என்பது அவற்றின் வாதம். 1984 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் இவ்வாதத்தை ஏற்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை நீதியரசர் ஜோன் போல் ஸ்டீவன்ஸ் எழுதினார். பல்கலைக்கழக விளையாட்டை வெறும் வர்த்தக முயற்சியாகக் கருதுவது தவறு என்று மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் பைரன் வைட். அவர் தம் மாணவப் பருவத்தில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரராக விளங்கியவர் என்பது இங்கு கவனத்துக்குரியது.

சட்டத்தின் நோக்கில் ஸ்டீவன்ஸின் தீர்ப்பு வலுவானதே. விற்பவர்கள் ஒன்றுகூடிப் பொருளின் அளவைக் குறைத்து விலையை உயர்த்துவதைச் சட்டம் அனுமதிக்க முடியாது. ஆனால் அத்தீர்ப்பின் விளைவாக ஒளிபரப்பு உரிமை நாடளாவிய பொதுச் சொத்தாக இல்லாமற் போய், அவ்வப் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. தனித்து விற்கும் வல்லமை மிகச் சிலருக்கே இருந்தது. நோட்ரடாம் பல்கலைக்கழகம் 1991 இலிருந்து தன் உள்ளூர் ஆட்டங்களை என்.பி.சி. நிறுவனத்துக்குத் தனியே விற்றது. ஏனையவர்கள் தம் கூட்டமைப்புகளின் ஊடாக விற்க முனைந்தனர். அயலவர்களின் சங்கமாக இருந்த கூட்டமைப்பு அன்றிலிருந்து விற்பனை நிறுவனமாக மாறியது எனலாம்.

விற்பனை நிறுவனம் ஒன்றுக்கு அயல் என்பது பொருட்டன்று, சந்தையே பொருட்டு. டெக்சாஸ் மாநிலத்தை மையமாகக் கொண்டிருந்த தென்மேற்குக் கூட்டமைப்பு 1996 இல் மறைந்தது. அதன் வலிய நால்வர் பிக் 12 இல் சேர, ஏனைய நால்வர் வேறு இடம் தேடினர். 2007 இல் பிக் டென் தனக்கெனத் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றைத் தொடங்கியபோது கணக்கு இன்னும் தெளிவாயிற்று. கேபிள் இணைப்புள்ள வீடுகள், அந்த அலைவரிசையைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், மாதக் கட்டணத்தில் அதற்கும் ஒரு பங்கைச் செலுத்துகின்றன. கூட்டமைப்பின் பல்கலைக்கழகம் இருக்கும் பிரதேசத்தில் அப்பங்கு உயரும். 2014 இல் மேரிலாண்ட், ரட்கர்ஸ் ஆகிய இரண்டையும் பிக் டென் இணைத்துக் கொண்டது வெற்றிக் கிண்ணங்களுக்காக அன்று. வொஷிங்டன் தலைநகரப் பகுதியினதும் நியூயோர்க் பெருநகரப் பகுதியினதும் கேபிள் வீடுகளே அதன் இலக்கு.

இவ்வாறு உறுப்பினர்கள் இடம்பெயரும் ஆபத்து வளர வளர, அவர்களைக் கட்டி வைக்கும் ஒப்பந்தங்களும் வளர்ந்தன. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது, வெளியேறுபவர் செலுத்த வேண்டிய கட்டணம். மேரிலாண்ட் தான் இருந்த அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பிலிருந்து விலகியபோது, அக்கூட்டமைப்பு ஏறத்தாழ 52 மில்லியன் டொலர் கோரி வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தத்தை மீறியதால் ஏற்படும் இழப்புக்கு முன்கூட்டியே நியாயமாக மதிப்பிட்ட ஈட்டுத்தொகையை நீதிமன்றங்கள் ஏற்கும். அச்சுறுத்தி நிறுத்தி வைப்பதற்கான தண்டத்தை ஏற்கா. கோரப்பட்ட தொகை இவற்றுள் எது என்ற கேள்விக்கு இறுதித் தீர்ப்பு வரவில்லை. 2014 இல் ஏறத்தாழ 31 மில்லியன் டொலருடன் அவ்வழக்கு இணக்கமாக முடிந்தது.

இரண்டாவது கட்டு இன்னும் இறுக்கமானது. உறுப்பினர் தன் உள்ளூர் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை நீண்ட காலத்துக்குக் கூட்டமைப்பிடமே கையளித்து விடுவதாகும் அது. அதன் பின்னர் வேறிடம் செல்பவர் வெறுங்கையுடனேயே செல்ல வேண்டும். புதிய கூட்டமைப்புக்கு அவரால் விற்கத்தக்க எதுவும் இராது. அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் 2013 இல் இவ்வாறு கையொப்பமிட்டு, 2016 இல் அதனை 2036 வரை நீடித்தனர்.

மேற்குக் கரையின் பக்-12 க்கு இத்தகைய நீண்ட கட்டு இருக்கவில்லை. அதன் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2024 இல் முடிவடையவிருந்தது. 2022 ஜூன் 30 ஆம் திகதி, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் யூ.சி.எல்.ஏ.யும் 2024 இலிருந்து பிக் டென்னில் இணைவதாக அறிவித்தன. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெருஞ்சந்தை அவற்றுடன் போயிற்று. சில வாரங்களில் பிக் டென், பொக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று நிறுவனங்களுடன் ஏழு ஆண்டுகளுக்கு 7 பில்லியன் டொலருக்கும் அதிகமான பெறுமதியுடையதெனக் கூறப்பட்ட ஒப்பந்தத்தைச் செய்தது. பக்-12 ஓராண்டுக்கு மேல் பேரம் பேசியும், இறுதியில் அதன் முன் இருந்தது அப்பிள் நிறுவனத்தின் இணையவழி ஒளிபரப்புத் திட்டமே. வருமானம் சந்தாதாரர் தொகையைப் பெரிதும் சார்ந்திருந்த அத்திட்டத்தை நம்பி நிற்க உறுப்பினர்கள் துணியவில்லை. வெளியேற்றம் அதன் பின்னரே வெள்ளமாயிற்று.

எஞ்சிய இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் சிறு நகரங்களில் அமைந்தவை. அவற்றின் ஆட்டத்தில் குறையிருந்ததால் அவை கைவிடப்படவில்லை; அவற்றைச் சூழ்ந்த தொலைக்காட்சி வீடுகள் குறைவு என்பதே காரணம். ஆயினும் அவை சட்டத்தைத் துணைக்கு அழைத்தன. விலகல் அறிவித்தல் கொடுத்த உறுப்பினர் பணிப்பாளர் சபையில் வாக்குரிமை இழப்பார் என்று கூட்டமைப்பின் யாப்பு கூறியது. முன்பு லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்கள் இரண்டும் அவ்வாறே சபையிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. அதே விதி ஏனைய எண்மருக்கும் பொருந்தும் என்று அவை வொஷிங்டன் மாநிலத்தின் விட்மன் மாவட்ட நீதிமன்றத்தில் வாதிட்டன. 2023 நவம்பரில் நீதிபதி அவர்களுக்குச் சார்பாக இடைக்காலத் தடையுத்தரவு வழங்கினார். டிசெம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதனை மீளாய்வு செய்ய மறுத்தது. அதன் பின் ஏற்பட்ட இணக்கப்பாட்டின்படி கூட்டமைப்பின் பெயரும் நிருவாகமும் சொத்துகளும் எஞ்சிய இருவரிடமே தங்கின. 2026 இலிருந்து இணையப் புதிய உறுப்பினர்களைத் திரட்டி, அவர்கள் அதனை மீளக் கட்டியெழுப்ப முற்பட்டனர்.

ஆனால் அந்தப் புதிய உறுப்பினர்களிற் பெரும்பாலானோர் 'மௌன்டன் வெஸ்ட்' என்னும் சிறிய கூட்டமைப்பிலிருந்து அழைக்கப்பட்டவர்கள். தன் உறுப்பினர்களைக் கவர்ந்து செல்வதற்காக அது விதித்திருந்த தண்டப்பணத்தை எதிர்த்து 2024 இல் பக்-12 தானே நீதிமன்றம் சென்றது. நேற்று இழந்தவன் இன்று தன்னிலும் சிறியவனிடமிருந்து எடுக்க வேண்டிய நிலை உருவாயிற்று. இவ்விவகாரத்தை நல்லவர் தீயவர் என்று பிரித்துப் பார்ப்பது பயனற்றது என்பதற்கு இதனைவிடச் சான்று தேவையில்லை.

உரிமைக் கையளிப்பு என்னும் இறுகிய கட்டும் முற்றாகத் தாங்கவில்லை. 2023 டிசெம்பரில் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் மாநிலத்தில் வழக்குத் தாக்கல் செய்வதற்கு ஒரு நாள் முன்னதாகவே, அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பு வட கரோலினாவில் வழக்குத் தொடுத்து விட்டது. எந்த மாநில நீதிமன்றம் விசாரிக்கும் என்பதே பாதி வெற்றி என்று இரு தரப்பும் அறிந்திருந்தன. வெளியேறுவதற்கான மொத்த விலை 572 மில்லியன் டொலர் என்று பல்கலைக்கழகம் முறையிட்டது. கிளெம்சன் பல்கலைக்கழகமும் 2024 இல் தென் கரோலினாவில் வழக்காடியது. 2025 மார்ச்சில் எட்டப்பட்ட இணக்கப்பாடு, ஒளிபரப்பு வருமானத்தின் பெரும்பகுதியைப் பார்வையாளர் தொகைக்கேற்பப் பகிர வழிசெய்தது. 165 மில்லியன் டொலரில் தொடங்கும் வெளியேறும் கட்டணம் ஆண்டுதோறும் குறைந்து 75 மில்லியனில் வந்து நிற்கும். அதைச் செலுத்துபவர் தன் ஒளிபரப்பு உரிமையையும் உடன் கொண்டு செல்லலாம். உறுப்பினர்கள் சமபங்கு பெறுவர் என்ற பழைய கோட்பாடு இங்கே முடிவுக்கு வந்தது.

இம்மாற்றங்களின் சுமை யாரைச் சேர்கின்றது என்பதையும் நோக்க வேண்டும். பசுபிக் கரையில் இருக்கும் ஸ்டான்போர்ட்டும் பேர்க்லியும் இன்று அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். அதுவும் தொடக்க ஆண்டுகளில் மிகக் குறைந்த பங்குடன். டலஸ் நகரின் சதேர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்பு வருமானமே வேண்டாம் என்று கூறி அதே கூட்டமைப்பில் நுழைந்தது. யூ.சி.எல்.ஏ.யின் விலகலால் நட்டமடைந்த பேர்க்லிக்கு அது ஆண்டுதோறும் 10 மில்லியன் டொலர் வழங்க வேண்டும் என்று இரண்டையும் ஆளும் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆளுநர் சபை 2024 இல் முடிவு செய்தது. உதைபந்தாட்ட அணி ஒரு பருவகாலத்தில் சில தடவைகளே தொலைதூரம் பறக்கும். கரப்பந்தாட்டம், மென்பந்து போன்றவற்றை ஆடும் மாணவிகளும் மாணவர்களும் வார நாட்களில் பல தடவைகள் பயணிக்க வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஜேர்சியின் ரட்கர்ஸ் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் தொலைவில், மூன்று மணி நேர வித்தியாசத்தில் உள்ளது. அவர்களின் ஆட்டங்களுக்காக எந்த நிறுவனமும் பில்லியன்களைக் கொடுக்கவில்லை.

பணம் பெருகிய அளவுக்கு, அதை ஈட்டித் தரும் வீரர்களுக்குப் பங்கில்லை என்ற வாதமும் வலுத்தது. 2021 இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதியரசர்களின் ஏகமனதான தீர்ப்பில், மாணவ வீரர்களுக்கான கல்விசார் சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த வரம்புகள் சட்டவிரோதமானவை என்றது. 2025 ஜூனில் அங்கீகாரம் பெற்ற மற்றொரு வழக்கின் இணக்கப்பாடு, முன்னாள், இந்நாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 2.8 பில்லியன் டொலர் வழங்கவும், ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாண்டில் 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுடன் பகிரவும் வழிவகுத்தது. இது நியாயமானதே. ஆயினும் இந்தப் புதிய செலவு, கூடிய ஒளிபரப்பு வருமானத்தைத் தேடி ஓடும் வேகத்தை மேலும் தூண்டும் என்பதில் சந்தேகமில்லை.

மாற்றுவழி இல்லையா என்று கேட்கலாம். 1961 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், தொழில்முறைக் கழகங்கள் தம் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்து விற்பதற்கு ஷேர்மன் சட்டத்திலிருந்து விலக்களிக்கின்றது. அதனாலேயே தொழில்முறை உதைபந்தாட்டத்தில் சிறிய நகரமான கிறீன் பேயின் அணி, நியூயோர்க் அணிகளுக்குச் சமமான தேசிய ஒளிபரப்புப் பங்கைப் பெறுகின்றது. பல்கலைக்கழகங்களுக்கு அவ்விலக்கு இல்லை. அதனை வழங்கக் கோரும் சட்டமூலம் ஒன்றை வொஷிங்டன் மாநில செனட்டர் மரியா கான்ட்வெல்லும் வேறு சிலரும் 2025 இல் முன்வைத்தனர். தனித்து விற்று அதிகம் பெறுகின்ற பெரிய கூட்டமைப்புகள் அதனை விரும்பாதது வியப்பன்று.

1984 இன் தீர்ப்பு பொதுக் கட்டுப்பாட்டைத் தகர்த்தது சரியாக இருக்கலாம். ஆனால் அதன் இடத்தில் நியாயமான பொது ஏற்பாடு ஒன்றை அமைக்கும் பொறுப்பைச் சட்டமியற்றுவோர் நாற்பது ஆண்டுகளாக ஏற்கவில்லை. அந்த வெற்றிடத்தை ஒப்பந்தங்களும் தண்டப்பணங்களும் வழக்குரைஞர்களும் நிரப்பினர். ஒன்றுபட்டிருந்த காலத்தில் வலியவர்கள் தம் பங்கிற் சிறிதை விட்டுக் கொடுத்தனர். அதனால் எளியவர்களும் களத்தில் நின்றனர். அந்த விட்டுக்கொடுப்பைச் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில், சந்தை அதனைத் தானாகச் செய்யும் என்று எதிர்பார்ப்பது வீண். கைவிடப்பட்ட அந்த இரு பல்கலைக்கழகங்களும் இதனைத் தம் அனுபவத்தில் அறிந்து கொண்டன.