கப் இருக்கு... காலேஜ் சீட்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கோட்டை விடாதீங்க!

ஸ்ரீமுஷ்ணத்துல கபடி ஆடுற ப்ளஸ் டூ பையன்கிட்ட, 'எத்தனை கப் வாங்கியிருக்கே?'ன்னு கேட்டா டக்குனு சொல்லிடுவான். 'அதை வெச்சு எந்த காலேஜ்ல சீட் கேட்கலாம்?'னு கேட்டா, முழிப்பான்.

பல அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரி சேர்க்கைக்கு வழிகாட்ட கவுன்சலர் உண்டு. அங்கே முதல்நிலை கல்லூரி அணியில் ஆட, பள்ளியில் 16 முக்கியப் பாடங்களை முடிச்சிருக்கணும். நம்ம ஊரில் இந்த வழிகாட்டும் வேலையும் பெரும்பாலும் பி.டி. சார் தலையில்தான். அவருக்குத் தெரியலைன்னா? சீட் போச்சு!

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரி போன்ற அரசு கலைக் கல்லூரிகளில், பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவு கலந்தாய்வு முடிஞ்சிடும். தேதியைத் தவறவிட்டா, எல்லோரோடும் வரிசைதான்.

எந்த சர்டிஃபிகேட் செல்லும்?

* திருவிழா டோர்னமென்ட் கப் கணக்கில் வராது. பள்ளிக் கல்வித்துறை, அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் போன்றவை நடத்தும் போட்டிகளே எடுபடும். மாவட்டம், மாநிலம், தேசியம்னு ஏற ஏற மதிப்பு கூடும்.
* பொறியியலுக்குக் கடைசி 4 வருட சாதனைகளே கணக்கு. அதாவது, ஒன்பதாவதிலேயே ஆட்டம் ஆரம்பம்!
* சர்டிஃபிகேட்டோடு, குறிப்பிட்ட படிவத்தில் உரியவரின் கையெழுத்தும் வேணும். ரிசல்ட் வந்தபிறகு அலைஞ்சா லேட்.

சந்தேகமா? கடலூர் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்க. பி.டி. சாரையும் கூட்டிட்டுப் போங்க. அடுத்த பேட்ச்சுக்கு உதவும்!