பழைய டிராக்டரும் நேர்ச்சாலும்

ராணிகஞ்சில் என் உதிரிபாகக் கடைக்குப் பழைய மாஸி பெர்குசன் வைத்திருக்கும் விவசாயிகள் வருவதுண்டு. "கலப்பை ஒரு பக்கமா இழுக்குது சேட், புதுசு குடுங்க" என்பார்கள். பொறுங்க என்பேன். வியாபாரிக்கு இது நஷ்டப் பேச்சுதான்!

உலக உழவுப் போட்டி 1953இல் கனடாவில் தொடங்கியது. அங்கே வேகத்துக்குப் பரிசில்லை. சால் நேராக இருக்கணும், புல் தெரியாமல் மண் புரளணும். பழைய டிராக்டர்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்தும் பல நாடுகளில் உழுகிறார்கள். அவர்கள் கைப்பக்குவம் நமக்கும் உதவும்.

வலச் சக்கரம் சாலுக்குள் ஓடுவதால் வண்டி சாயும். ஆகவே வலப்பக்கத் தூக்குக் கையின் திருகைச் சுற்றிக் கலப்பையைத் தரைக்கு மட்டமாக்க வேண்டும். டாப் லிங்கைக் குறுக்கினால் முன்கொழு ஆழமாய்க் குத்தும். நீட்டினால் பின்கொழு இறங்கும். இரண்டும் ஒரே ஆழம் போகிற இடத்தில் நிறுத்தணும். முன்சாலின் அகலம் மாறினால் குறுக்குத் தண்டைச் சற்றே திருப்ப வேண்டும்.

போட்டிக்காரர் சிலர் கலப்பை இறக்கையின் வாலில் தகடு சேர்த்து நீட்டுவர். மண் முழுதாகப் புரண்டு அமுங்கும். இறக்கையைக் கண்ணாடி போலத் தேய்ப்பதும் உண்டு. துருவிருந்தால் மண் வழுக்காது. நம் தெலங்காணாக் கரிசலோ ஈரத்தில் பசைதான்.

ஆதிநாதர் கற்பித்த ஆறு தொழில்களில் உழவும் வாணிபமும் சேர்ந்தே இருப்பதாக எங்கள் புராணம் சொல்லும். போன பருவத்தில் புதுக் கலப்பை கேட்டு வந்த பெரியவருக்குத் தேய்ந்த கொழு இரண்டை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அதே கலப்பையில்தான் இன்றும் உழுகிறார்.