மஞ்சள் கடுதாசி கொடுத்தால் கடன் தீருமா?

கொல்கத்தாவில் ஒரு கடைக்காரர் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சின்னத் துணிக்கடை. வியாபாரம் நொடித்துவிட்டது. கடன்காரர்கள் தினமும் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

"மஞ்சக் கடுதாசி கொடுத்துடுங்க அண்ணே. கடனெல்லாம் தீர்ந்துடும்" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர்.

அது உண்மையா?

மஞ்சள் கடுதாசி என்பது பேச்சு வழக்கு. "கடனைக் கட்ட வழியில்லை. என்னைத் திவாலானவர் என்று அறிவியுங்கள்" என்று கோர்ட்டில் கொடுக்கும் மனுதான் அது. கொல்கத்தா, சென்னை, மும்பை நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. இங்கே உயர் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்த மனுவால் நன்மை உண்டு. திவால் அறிவிப்பு வந்தபின், கோர்ட் அனுமதி இல்லாமல் கடன்காரர்கள் வழக்குப் போட முடியாது. ஆனால் பலர் சில விஷயங்களைத் தவறாக நினைக்கிறார்கள்.

சொத்து யார் கையில் இருக்கும்?

சொத்து முழுவதும் 'அஃபிஷியல் அசைனி' என்ற அதிகாரியிடம் போகும். அவர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். தொழில் கருவி, உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் 1909ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வைத்த வரம்பு மொத்தம் 300 ரூபாய்தான்!

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றலாமா?

பலர் இப்படி யோசிக்கிறார்கள். பணம் வாங்காமல் சும்மா எழுதிக் கொடுத்தபின் 2 ஆண்டுக்குள் திவால் அறிவிப்பு வந்தால், அந்த மாற்றம் செல்லாது. அடகு வைத்த சொத்தின் மேல் அடகு பிடித்தவருக்கு உள்ள உரிமையும் போகாது.

ஜாமீன் போட்டவர் தப்புவாரா?

இல்லை. கடைக்காரருக்காக மைத்துனர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கலாம். கடைக்காரருக்கு விடுதலை கிடைத்தாலும் மைத்துனருக்குக் கிடைக்காது. அந்தக் கடனை அவரிடம் கேட்பார்கள். உதவி செய்தவர் தலையில் கடன் விழும்.

கடன் எப்போது தீரும்?

திவால் அறிவிப்பு வந்த அன்றே தீராது. விடுதலை கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கோர்ட் கொடுக்கலாம், தள்ளிப்போடலாம், மறுக்கலாம். விடுதலை கிடைத்தாலும் அரசுக்குக் கட்டவேண்டிய பாக்கி, மோசடி செய்து வாங்கிய கடன், கோர்ட் உத்தரவிட்ட ஜீவனாம்சம் ஆகியவை நிற்கும்.

மறுபடி கடன் வாங்கலாமா?

விடுதலை கிடைக்கும்வரை, தான் திவாலானவர் என்பதை மறைத்து 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது குற்றம். 6 மாதம்வரை சிறை உண்டு. அதுவரை தேர்தலில் நின்று சட்டமன்ற உறுப்பினராகவும் முடியாது.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில் ஒரு தாளை எடுங்கள். யாருக்கு எவ்வளவு கடன், எதை அடகு வைத்தீர்கள், யார் ஜாமீன் என்று எழுதுங்கள். எதையும் மறைக்காதீர்கள். ஜாமீன் போட்டவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தவணை கேட்டுக் கடன்காரர்களிடம் பேசிப் பாருங்கள். பிறகு அந்தத் தாளோடு வக்கீலிடம் போங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? இலவசச் சட்ட உதவி இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானம் உள்ளோர் இதைப் பெறலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

மஞ்சள் கடுதாசி கடைசி வழி. படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.