மழையில் பினாங்குக்கு வேனில் போகிறவர்களுக்கு

கேம்பர்வேன்காரர்களிடம் மழையைப் பற்றிக் கேட்டால் கூரை ஒழுகிய கதையைத்தான் முதலில் சொல்வார்கள். ஒழுகலுக்கு வாளி போதும். உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் காற்றுக்கு வாளி கிடையாது.

கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போகும் நெடுஞ்சாலை தைப்பிங் வழியாகத்தான் போகிறது. தீபகற்ப மலேசியாவில் மழைக்குப் பேர் போன ஊர் அது. இந்த நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். ஆனால் தண்ணீர் தேங்கிய தாரில் அந்த வேகத்தில் போனால், டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் புகுந்து ஸ்டியரிங் கைக்கு அடங்காது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிய வண்டி நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும். கொட்டும் மழையில் நான்கு விளக்குகளையும் மினுக்கியபடி ஓட்டுவது மலேசியச் சாலைகளில் சாதாரணம். பல வண்டிகளில் அப்போது இண்டிகேட்டர் போட்டாலும் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று பின்னால் வருபவர் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். மேம்பாலங்களுக்கு அடியிலும் கவனம் வேண்டும். மோட்டார்சைக்கிள்காரர்கள் மழைக்கு அங்கேதான் ஒதுங்கி நிற்பார்கள்.

பினாங்குத் தீவுக்கு ஒரு காலத்தில் எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் வண்டியோடு ஃபெரியில் ஏறிவிடலாம். இறங்கினால் தீவின் நகரமான ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா கூப்பிடு தூரம். 1894-இல் தொடங்கிய அந்தச் சேவை 2021 முதல் கார்களை ஏற்றுவதில்லை. வேனுக்கு இருப்பது பாலம்தான். 1985-இல் திறந்த பழைய பாலம் 13.5 கிலோமீட்டர். 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல். ஜார்ஜ் டவுனுக்குப் பழைய பாலமே அருகில். காற்றடிக்கும் நாளில் கடலுக்கு மேல் குறைவாக ஓட்டுவது நல்லது என்பதால், என் ஓட்டும் அதற்கே.

நகருக்குள் வேனைக் கொண்டு போக வேண்டாம். லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டும் குயின் ஸ்ட்ரீட்டும் மாட்டுவண்டிக் காலத்துத் தெருக்கள். சரக்கு இறக்கும் லாரி ஒன்று நின்றால் பின்னால் எல்லாம் நின்றுவிடும். மாடிக் கார்ப் பார்க்கிங்கில் உயரக் கம்பி வேனைத் தடுத்துவிடும். எஸ்பிளனேட் பக்கம் திறந்தவெளியில் நிறுத்திவிட்டு நடப்பதே புத்திசாலித்தனம்.

நனைவோமே என்று தயங்க வேண்டியதில்லை. கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடிதான் இந்த ஊரின் குடை. 1822-இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்குச் சொன்ன ஏற்பாடு இது. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் மலாயா ஊர்களெங்கும் பரவியது. இன்று சில இடங்களில் மோட்டார்சைக்கிளும் துணி அடுக்கும் வழியை அடைத்து நிற்கும். அங்கே மட்டும் தெருவில் இறங்கி நாலடி நனைய வேண்டும். 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, கடையில் ஒரு தே தாரிக் தேநீரோடு மழை விடும்வரை உட்காரலாம்.

மழை விடாமல் அடித்தால் மட்டும் அலட்சியம் கூடாது. 2017 நவம்பர் தொடக்கத்தில் இரவோடு இரவாகப் பெய்த மழையில் பினாங்கு மாநிலம் வெள்ளத்தில் மூழ்கி ஏழு பேர் இறந்தார்கள். கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் பெருமழை பெய்தால் தாழ்வான தெருக்களில் நீர் சட்டென்று வடியாது. வேனில் இரவு தங்குவதாக இருந்தால், நிறுத்தும் முன் கடல் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக ஓர் ஆறுதல்: பாலத்தில் சுங்கம் தீவுக்கு வரும்போது மட்டும்தான். திரும்பும்போது காசு மிச்சம். தைப்பிங் மழை மட்டும் மறுபடி உண்டு.