கப்பலில் வேண்டாம், ரயிலில் போங்கள்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ட்ரியெஸ்தே நகருக்குப் போக வெனிஸில் ரயில் ஏறுங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மோன்ஃபால்கோனே தாண்டியதும் பாறைச் சரிவை ஒட்டியே ரயில் ஓடும். கீழே ஏட்ரியாட்டிக் கடல் கூடவே வரும்.

நிலையத்திலிருந்து கரையோரமாக நடந்தால் யூனிடா சதுக்கம். மூன்று பக்கம் மாளிகைகள், நான்காவது பக்கம் கடல். அவை வியன்னாவின் சாயலில் இருப்பதில் வியப்பில்லை. 1719-ல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இந்த நகரைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்தார். 1857-ல் வியன்னாவிலிருந்து ரயிலும் வந்துவிட்டது. காப்பிக்கொட்டை மூட்டைகள் அப்படித்தான் இங்கே குவிந்தன. 1914-ல் திறந்த சான் மார்கோ காப்பிக்கடையில் இன்றும் ஒரு கோப்பையோடு மணிக்கணக்கில் உட்காரலாம், புத்தகமும் வாங்கலாம். 1904-ல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வந்த ஜேம்ஸ் ஜாய்ஸ், 'டப்ளினர்ஸ்' கதைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஊரில்தான் எழுதினார். இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-ல் இங்கே தொடங்கிய இயற்பியல் மையத்துக்கு நம் நாட்டு ஆய்வாளர்கள் காலங்காலமாகப் போய்வருகிறார்கள்.

இவ்வளவும் உள்ள ஊரை நினைத்தால் இப்போது கவலையாக இருக்கிறது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் நடுக்கால்வாயில் நுழைய 2021 ஆகஸ்டில் தடை வந்தது. அந்தச் சொகுசுக் கப்பல்களில் சில ட்ரியெஸ்தேயின் பக்கம் திரும்பின. கப்பல்துறையோ சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பல மாடிக் கப்பல் ஒன்று வந்து நின்றால் சதுக்கத்தின் கடற்பக்கக் காட்சியே மாறிவிடுகிறது. ஆயிரக்கணக்கில் இறங்குபவர்கள் படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வியாபாரம் பெருகுகிறதே என்று கடைக்காரர்கள் சொல்வதும் உண்மைதான். ஆனால், வெனிஸுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அந்தத் தீவு நகரில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே போனது. குடியிருந்த வீடுகள் தங்கும் அறைகளாயின. பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 2024 முதல் நெரிசல் நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கியும் போன குடும்பங்கள் திரும்பவில்லை. ட்ரியெஸ்தேவுக்கு அந்தக் கதி வரக் கூடாது.

ஆகவே, போகிறவர்கள் ரயிலில் போங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். காப்பியை உள்ளூர்க்காரர்கள் குடிக்கும் கடையில் குடியுங்கள்.